டெட்லிஃப்ட்: பார் கிடக்கும் உயரத்தை முதலில் அளந்து பாருங்கள்

டெட்லிஃப்ட் (பார் என்னும் நீளக் கம்பியின் இரு முனைகளிலும் பிளேட் என்னும் வட்ட எடைகளை மாட்டி, தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும்வரை தூக்கும் பயிற்சி) பழகத் தொடங்கிய முதல் சில மாதங்கள் எனக்கு அடிமுதுகு வலித்துக்கொண்டே இருந்தது. எடைதான் அதிகம் என்று நினைத்து, இரண்டு பக்கமும் 20 கிலோ பிளேட்டைக் கழற்றி 10 கிலோ மாட்டினேன். வலி கூடியது. பார் கிடந்த உயரம்தான் காரணம் என்று புரிய வெகுநாள் ஆனது.

போட்டிகளில் மாட்டும் 20 கிலோ பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதனால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். சாதாரண ஜிம்மில் இருக்கும் 5, 10 கிலோ இரும்பு பிளேட்டுகள் பெரும்பாலும் அதைவிடச் சிறியவை. பார் தாழ்ந்துவிடும். அவ்வளவு கீழே இடுப்பு மடங்காதபோது முதுகு வளைந்து கொடுக்கும். பிளேட்டுகளுக்கு அடியில் ரப்பர் பாயோ வேறு பிளேட்டுகளோ படுக்கவைத்து உயர்த்துங்கள். கண்ணளவு வேண்டாம், டேப் வைத்து இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள்.

சரி, இப்போது பாருக்கு முன் நில்லுங்கள். பாதங்களுக்கு இடையே இடுப்பளவு அகலம் போதும். பார் ஷூ லேஸ் முடிச்சுக்கு நேர் மேலே இருக்கட்டும். குனிந்து, கால்களுக்குச் சற்று வெளியே பிடியுங்கள். அப்புறம் முழங்காலை மடக்கி, கால் முன்னெலும்பைப் பாரில் தொட வையுங்கள். பாரை நகர்த்தக் கூடாது. நெஞ்சை நிமிர்த்தி, வயிறு நிறைய மூச்சிழுத்துத் தம் கட்டுங்கள். இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

வெடுக்கென்று இழுக்காதீர்கள். பாருக்கும் பிளேட்டின் துளைக்கும் நடுவே சிறு இடைவெளி உண்டு. மெல்ல மேலே இழுத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் தரையைக் காலால் தள்ள வேண்டும். பார் காலை உரசியபடியே ஏறட்டும்.

கிளவுஸ் வேண்டாம், பிடி தடித்துப் போகும். அந்தக் காசுக்கு ஜிம் சாக் (கை வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) வாங்குங்கள். மெத்தென்ற ரன்னிங் ஷூவும் ஆகாது, தட்டையான கான்வாஸ் ஷூ நல்லது. 1.25 கிலோ பிளேட் ஒரு ஜோடி சொந்தமாக வைத்திருங்கள். எடையை இரண்டரை இரண்டரை கிலோவாகக் கூட்டிப் போகலாம். எடை தூக்கும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டும் பெல்ட்டை முதல் வருடம் மறந்துவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: இதைச் செய்து பார்த்த சிலர், இறக்கும்போது பார் முழங்காலில் இடிப்பதாக எழுதியிருந்தார்கள். முழங்காலை முன்கூட்டியே மடக்குவதால் வருவது இது. முதலில் இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள், பார் முழங்காலைத் தாண்டிய பிறகு மடக்குங்கள். இன்னும் இடித்தால் போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். எது முதலில் மடங்குகிறது என்று அதில் தெரிந்துவிடும்.