பிரிட்டனில் பாகுபாட்டு வழக்கு: கெடுவைத் தவறவிடாதீர்கள்

லண்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தடித்த கோப்போடு என்னிடம் வந்தார். இரவு ஷிப்டெல்லாம் தன் தலையிலேயே விழுகிறது என்று மேனேஜரிடம் புகார் கொடுத்து, பதில் வாங்கி, அதற்கும் மேல்முறையீடு செய்து ஆறு மாதம் காத்திருந்திருக்கிறார். தாள்கள் எல்லாம் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. ஆனால் முதல் சம்பவத்துக்கான கெடு எப்போதோ முடிந்துபோயிருந்தது.

நம்மவர்களில் பலர் சறுக்குவது இங்கேதான். கம்பெனிக்குள் கொடுக்கும் புகார் வேறு, வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் கெடு வேறு. உள்ளே விசாரணை நடக்கிறது என்பதற்காக வெளியே கடிகாரம் நிற்பதில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதம், அதில் ஒரு நாள் குறைவு. மார்ச் 10 அன்று நடந்தது என்றால் ஜூன் 9-க்குள் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிவு செய்துவிட வேண்டும். பதிவு செய்ததும் கடிகாரம் தற்காலிகமாக நிற்கும். சமரசம் ஆகாவிட்டால் ஏகாஸ் ஒரு சான்றிதழ் தரும். அதன் எண் இல்லாமல் தீர்ப்பாயத்தின் படிவத்தை ஏற்கமாட்டார்கள். முதலாளியின் பெயரைச் சம்பளச் சீட்டில் உள்ளபடியே இரண்டு இடத்திலும் எழுதுங்கள். கடை வாசல் பலகையில் இருக்கும் பெயர் பல நேரம் சட்டப்படியான பெயராக இருப்பதில்லை. இந்தக் கெடுவை ஆறு மாதமாக நீட்ட சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் உங்கள் சம்பவத்துக்கு எந்தக் கெடு பொருந்தும் என்று ஏகாஸிடம் கேட்காமல் அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கெடு தாண்டிய வழக்கையும் நியாயம் என்று பட்டால் தீர்ப்பாயம் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றோடொன்று தொடர்புடைய செயல்கள் தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் செயலிலிருந்து கணக்கிடவும் இடமுண்டு. அக்காவின் படிவத்தை அந்த வழியில்தான் எழுதினோம். ஆனால் இவை கடைசிப் பிடிமானங்கள். ஆரம்பத்திலேயே இவற்றை எண்ணித் தாமதிக்கக் கூடாது.

அடுத்தது, வேதனையை மட்டும் எழுதுவது. “மேனேஜர் எப்போதும் மோசமாக நடத்தினார்” என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அது பாகுபாடு ஆகிவிடாது. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இனம், மதம், பாலினம், வயது, மாற்றுத்திறன், கர்ப்பம் போன்ற ஒன்பது தன்மைகளைப் பாதுகாக்கிறது. நடந்த செயலுக்கும் அந்தத் தன்மைக்கும் உள்ள தொடர்பைக் காட்ட வேண்டும். அக்காவின் கோப்பில் எனக்கு உயிராகப் பட்டது ஷிப்ட் அட்டவணையின் ஒரு நகல்தான். ஒரே மாதத்தில் அவருக்கு 14 இரவுகள், அதே வேலை செய்யும் மற்ற இருவருக்கு நான்கு, மூன்று. இப்படி ஒப்பிட ஓர் ஆள் இருந்து, காரணம் இனமாக இருக்கலாம் என்று எண்ணவைக்கும் வேறு விஷயங்களும் சேர்ந்தால், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளி பக்கம் போய்விடும். ஆகவே தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர் என்று அன்றன்றே குறித்து வையுங்கள்.

சாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பதில் சாதி தனியாக இல்லை, அதனால் பேசிப் பயனில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். சாதி சில சந்தர்ப்பங்களில் இனப் பூர்வீகம் என்பதற்குள் அடங்கக்கூடும் என்று 2014-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. கதவு முழுதாக மூடவில்லை.

கோபத்தில் ராஜினாமா கடிதம் நீட்டுவதும் தவறு. வேலையில் இருந்துகொண்டே வழக்குப் போடலாம். சேர்ந்து இத்தனை வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாகுபாட்டு வழக்குக்குக் கிடையாது. வேலைக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கூடப் போடலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அதுவே தனி வழக்கு.

செலவுக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். தீர்ப்பாயத்தில் வழக்குப் போட 2013-இல் கொண்டுவந்த கட்டணத்தை 2017-இல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று ரத்து செய்தது. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்வது அபூர்வம்.

அப்புறம் மொழி. சாட்சி சொல்லும்போது மொழிபெயர்க்க மகனையோ மகளையோ கூட்டிப்போகலாம் என்று நினைக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று தீர்ப்பாயத்திடம் முன்கூட்டியே, படிவம் போடும்போதே, எழுதிக் கேளுங்கள். அதற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை.