பாலிசிதாரரைத் தேடும்போது: மெப்ஸ் காப்பீட்டு டேட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் 1996 முதல் நடந்துவரும் மெடிக்கல் எக்ஸ்பெண்டிச்சர் பேனல் சர்வேயை, அதாவது மக்களின் மருத்துவச் செலவையும் காப்பீட்டையும் கேட்டறியும் கணக்கெடுப்பை, எல்லோரும் மெப்ஸ் என்றே சொல்கிறார்கள். அதன் பொதுக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தனியார் காப்பீட்டுக்கென்று அதில் ஒரு தனிக் கோப்பு இருக்கிறது. ஒரு நபர், ஒரு ரவுண்டு (ஒரு முறை எடுக்கப்படும் பேட்டி), ஒரு பிளான் மூன்றும் சேர்ந்ததுதான் அதில் ஒரு வரி. அந்த நபரின் ஐடியோடு, பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய ஐடியும் அதே வரியில் வரும். ஒவ்வொருவரின் வரியோடும் அவருடைய பாலிசிதாரரின் விவரங்களைச் சேர்க்க, இரண்டையும் பொருத்தினால் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே நடக்கும் தவறுகள் பெரும்பாலும் எந்த எரர் செய்தியும் காட்டாது. நிரல் ஓடி முடியும், அட்டவணையும் வரும், எண்கள் மட்டும் தப்பாக இருக்கும்.

இவற்றில் மோசமானது, பாலிசிதாரர் கிடைக்காத வரிகளைக் கழித்துவிடுவது. இரண்டு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளும்படி இணைத்தால் இது தானாகவே நடந்துவிடும். பாலிசிதாரர் ஏன் கிடைக்காமல் போகிறார்? அவர் வேறு வீட்டில் வாழலாம், இறந்துபோயிருக்கலாம், வெளியிடப்பட்ட கோப்பில் இடம்பெறாதவராகவும் இருக்கலாம். விவாகரத்துக்குப் பிறகு தாயோடு வாழும் குழந்தைக்கு அப்பாவின் பாலிசி தொடர்கிறது. 2010-இல் வந்த சட்டத்தால் 26 வயது வரை பெற்றோரின் பிளானில் இருக்க முடிகிறது, ஆகவே தனி வீட்டில் வாழும் இளைஞர்களும் இந்தக் கூட்டத்தில் வருவார்கள். கணவர் இறந்த பிறகும் அவருடைய பழைய நிறுவனத்தின் காப்பீட்டில் நீடிக்கும் பெண்களும் உண்டு. இவர்களை எல்லாம் நீக்கிவிட்டால், பெற்றோர் இருவரும் ஒன்றாக வாழும் வீடுகளின் பக்கம் மாதிரி சாய்ந்துவிடும். குடும்பங்களைப் பற்றி ஆராய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பிரிந்துபோன குடும்பங்களை முதல் அடியிலேயே வெளியே தள்ளுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதில்லை. எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டே இணையுங்கள். பாலிசிதாரர் வீட்டுக்கு வெளியே இருப்பவரா, இறந்தவரா என்று சொல்லும் குறிகள் கோப்பிலேயே இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஒரு தனி வகையாகக் காட்டுங்கள்.

அடுத்தது, ஐடியை மட்டும் நம்பி இணைப்பது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்குத் தன் வேலை வழியாக ஒரு பிளான், அப்பாவுக்கும் அப்படியே ஒன்று. மகள் இரண்டிலும் இருக்கிறாள். மூன்று ரவுண்டுகளில் மகளுக்கு 6 வரிகள், அம்மாவுக்கு 3, அப்பாவுக்கு 3. மகளின் வரிகளை பாலிசிதாரர் ஐடியை மட்டும் வைத்து இணைத்தால், அம்மாவின் பிளானில் உள்ள 3 வரிகள் ஒவ்வொன்றும் அம்மாவின் 3 வரிகளோடும் சேர்ந்து 9 ஆகும். அப்பா பக்கமும் 9. வர வேண்டியது 6, வந்து நிற்பது 18. பிரீமியத்தைக் கூட்டினால் மூன்று மடங்காகிவிடும். ரவுண்டு எண்ணையும் சேர்த்தால் இது சரியாகும். ஆனால் அம்மா பல் மருத்துவத்துக்குத் தனி பிளான் வைத்திருந்தால் அதுவும் போதாது, பிளானின் அடையாளமும் வேண்டும். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்ப்பதைவிட எளிய சோதனை கிடையாது.

இதே வீடு இன்னொன்றையும் காட்டுகிறது. குடும்பத் தலைவர்தான் பாலிசிதாரர் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரே வீட்டில் இரண்டு பாலிசிதாரர்கள் இருப்பது சாதாரண விஷயம்.

ஐடியை எண்ணாகப் படிக்க வேண்டாம், எழுத்தாகவே படியுங்கள். 2018-க்கு முன் மெப்ஸில் நபர் ஐடி 8 இலக்கம். அதன் பிறகு பேனல் எண் (சர்வேயில் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட குழுவின் எண்) முன்னால் சேர்ந்து 10 இலக்கமாகிவிட்டது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளின் ஃப்ளோட் எண் வகை 1,67,77,216 வரையிலான முழு எண்களை மட்டுமே பிசகாமல் வைத்திருக்கும். அதைத் தாண்டிய ஐடிகளில் கடைசி இலக்கங்கள் மாறி, அடுத்தடுத்த இருவர் ஒருவராகிவிடலாம். பழைய கோப்பையும் புதியதையும் அடுக்கும்போது, பழைய ஐடிக்கு முன்னால் பேனல் எண்ணை நீங்களே ஒட்ட வேண்டும்.

ரவுண்டு என்பது மாதமோ காலாண்டோ அல்ல. ஒரு பேனல் வழக்கமாக இரண்டு ஆண்டுகளில் ஐந்து முறை பேட்டி காணப்படுகிறது, மூன்றாவது ரவுண்டு ஆண்டு எல்லையைத் தாண்டிப் போகும். அதனால் ஓர் ஆண்டின் கோப்பில் ஒரு பேனலின் ரவுண்டு 3 முதல் 5 வரையும், அடுத்த பேனலின் 1 முதல் 3 வரையும் சேர்ந்து வருகின்றன. ரவுண்டு 3 என்று போட்டிருப்பதால் இரண்டும் ஒரே காலம் ஆகிவிடாது. ரவுண்டில் ஒரு பிளான் இருந்தது என்பதால் எல்லா மாதமும் இருந்தது என்றும் அர்த்தமில்லை. அதற்கு மாதவாரி நிலையைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை விவரத்தைச் சேர்க்கும்போது, வேலை வழிக் காப்பீடு பாலிசிதாரரின் வேலையோடு சேர்ந்தது என்பது நினைவிருக்கட்டும். மனைவி எங்காவது வேலை செய்கிறார், அவருக்குக் காப்பீடும் இருக்கிறது என்பதால் அது அவர் நிறுவனம் கொடுத்தது ஆகாது. பாலிசிதாரருக்கேகூட அது இப்போதைய வேலையாக இல்லாமல் போகலாம். ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வேலை போன பிறகு கோப்ரா சட்டத்தின் கீழ், பொதுவாக 18 மாதம் வரை, அதே காப்பீட்டைத் தாங்களே பணம் கட்டித் தொடர்பவர்களும் இருக்கிறார்கள்.

பிரீமியம் பாலிசிக்கு ஒன்றுதான். நான்கு பேர் பிளானில் இருந்தால் அதே தொகையை நான்கு வரியிலும் ஒட்டிச் சராசரி எடுக்கக் கூடாது. மெப்ஸில் -1 என்றால் பொருந்தாது, -7 என்றால் பதில் சொல்ல மறுத்தார், -8 என்றால் தெரியாது. இவற்றை டாலராக எண்ணிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

கடைசியாக வெயிட், அதாவது ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண். இந்தக் காப்பீட்டுக் கோப்பில் அது இல்லை. முழு ஆண்டுக் கோப்பிலிருந்து நபர் ஐடி வழியாக, ஸ்ட்ராட்டம், பிஎஸ்யு ஆகிய மாதிரி வடிவமைப்பு விவரங்களோடு சேர்த்தே கொண்டுவர வேண்டும். எண்ணுவது ஆட்களையா பாலிசிகளையா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆட்கள் என்றால் ஒருவருக்கு ஒரு வரி. பாலிசிகள் என்றால் ஒரு பாலிசிக்கு ஒரு வரி, பாலிசிதாரரின் வெயிட்டோடு. வீட்டுக்கு வெளியே பாலிசிதாரர் இருக்கும் பாலிசிகள் இந்த இரண்டாவது கணக்கில் விடுபடும். அதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.