காப்பீட்டு அட்டை: எடுப்பதும் பயன்படுத்துவதும்

தமிழக அரசின் மருத்துவக் காப்பீடு 2012-லேயே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று மாறிவிட்டது. நெல்லைப் பக்கம் பலருக்கு இன்னமும் அது ‘கலைஞர் காப்பீடு’தான். சிகிச்சைக்காகக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆளுக்கு ஐந்து லட்சம் இல்லை, வீட்டில் எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஈ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதார், இவற்றின் நகல்களோடு நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்கள் இங்கே வந்து அலைய வேண்டாம். 2019 முதல் அவர்களுக்குத் தென்காசி ஆட்சியர் அலுவலகம்தான்.

சிக்குவது பெயரில்தான். ரேஷன் கார்டில் ‘சுடலைமுத்து’, ஆதாரில் ‘சுடலமுத்து’ என்று இருக்கும். ஒரு எழுத்துதானே என்று விட்டால், ஆள் படுத்த பிறகு அந்த எழுத்துக்காக ஓட வேண்டியிருக்கும். கல்யாணமாகி வந்த மருமகள், புதிதாய்ப் பிறந்த பிள்ளை பெயர்களை ரேஷன் கார்டில் முதலில் ஏற்றுங்கள். அதில் இல்லாதவருக்குக் காப்பீட்டிலும் இடமில்லை.

இனி ஆஸ்பத்திரி. ‘இங்கே இன்சூரன்ஸ் உண்டா?’ என்று மட்டும் கேட்டால் ‘உண்டு’ என்பார்கள். எலும்பு சிகிச்சைக்கு அனுமதி பெற்ற இடத்துக்கு இதய சிகிச்சைக்கும் அனுமதி இருக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டர் எழுதிய சிகிச்சையின் பெயரைச் சொல்லி, அது இங்கே இந்தத் திட்டத்தில் உண்டா என்று கேளுங்கள். 1800 425 3993 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிப்போகும் சாதாரண வெளிநோயாளிச் செலவுக்கு இந்த அட்டை உதவாது.

அட்டையைக் காட்டியதும் வேலை முடிந்துவிடாது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து ஆஸ்பத்திரி முன் அனுமதி கேட்டு அனுப்பும். அனுமதி வந்துவிட்டதா என்று ஆபரேஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மாரடைப்பு, விபத்து என்றால் முதலில் சேருங்கள். ஆனால் அட்டை இருப்பதைச் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். ‘இப்போது கட்டுங்கள், பிறகு இன்சூரன்ஸில் வாங்கிக்கலாம்’ என்பதை நம்பாதீர்கள். இது ரொக்கமில்லாத திட்டம். கட்டிய பணம் திரும்பி வருவது குதிரைக்கொம்பு.

ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது. ‘உயர்ந்த ரக ஸ்டென்ட் வைக்கிறோம், வித்தியாசத் தொகை மட்டும் கொடுங்கள்’ என்றால் எதற்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். கட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் மேலே சொன்ன எண்ணில் புகார் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனுவும் கொடுக்கலாம். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும். துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்த கணக்கை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது.

‘ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, அட்டை எதற்கு?’ என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் அட்டையைப் பதியுங்கள். அந்தத் தொகை ஆஸ்பத்திரிக்கே வரும். கருவிகளும் மருந்துகளும் வாங்க அது உதவும்.