டெக்சாஸில் இறைச்சி மாட்டுப் பண்ணை: முதல் பசுக்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டெக்சாஸில் நிலம் வாங்கி இறைச்சிக்கு மாடு வளர்க்கத் தொடங்குபவர்களில் பலர் முதலில் கேட்பது, எந்த இனம் நல்லது என்பதுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. தம் நிலம் ஆண்டு முழுவதும் எத்தனை மாடுகளுக்குப் புல் தரும், கடைசியில் எதை விற்கப் போகிறோம் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே இனத்தைப் பற்றிப் பேச முடியும்.

இரண்டாவதை முதலில் பார்ப்போம். அங்கே சிறு பண்ணையாளர் பெரும்பாலும் இறைச்சியை விற்பதில்லை. பால் மறந்த கன்றுகளைத்தான் விற்கிறார். தாயோடு ஏழெட்டு மாதம் மேய்ந்த கன்று ஏறத்தாழ 500 முதல் 550 பவுண்டு, அதாவது 225 முதல் 250 கிலோ எடையில் ஏலச் சந்தைக்குப் போகிறது. அதை வாங்குபவர் சில மாதம் புல்லில் வளர்த்து, பிறகு தானியம் ஊட்டிக் கொழுக்க வைக்கும் பட்டிக்கு அனுப்புகிறார். ஆகவே பண்ணையின் வருமானம் முழுவதும், பசு ஒன்று ஆண்டுக்கு ஒரு கன்றை ஈன்று வளர்த்துத் தருகிறதா என்பதில்தான் இருக்கிறது. சினை பிடிக்காத பசுவும் புல்லைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஆண்டுக்கு ஒரு கன்று என்றால், ஈன்ற பிறகு மீண்டும் சினை பிடிக்க அதற்குக் கிடைப்பது 82 நாள்தான். அதே நாட்களில்தான் அது கன்றுக்குப் பாலும் கொடுக்கிறது, உடம்பையும் தேற்றிக்கொள்கிறது. புல் போதாத இடத்தில் பெரிய உடம்பும் நிறையப் பாலும் உள்ள பசு, தின்றதையெல்லாம் பாலாக்கிவிட்டு, பருவத்துக்கு வராமல் நாளைக் கடத்தும். அடுத்த ஆண்டு கன்று தள்ளிப்போகும், அல்லது இல்லாமலே போகும். தொடங்குபவர்கள் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறதே என்று 1,400 பவுண்டுப் பசுவைத் தேடிப் போவதை நான் தவறு என்றே சொல்வேன். 1,100 முதல் 1,200 பவுண்டுக்குள் இருக்கும் நடுத்தரப் பசு, வறண்ட ஆண்டிலும் சினை பிடிக்கக்கூடியது, பெரும்பாலான நிலங்களுக்குப் போதும்.

நிலத்தின் கணக்கை இப்படிப் போடலாம். 1,000 பவுண்டு எடையுள்ள பசு ஒன்று நாளொன்றுக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், சுமார் 12 கிலோ தீவனம் தின்னும். ஆண்டுக்கு அது நாலு டன்னுக்கு மேல். விளைந்த புல்லெல்லாம் மாட்டின் வாய்க்குப் போவதில்லை. பாதியை வேருக்கும் மண்ணுக்கும் விட்டுவைக்க வேண்டும், மிதிபட்டும் பூச்சி தின்றும் கால்பங்கு போகும், மீதிக் கால்பங்கே மேய்ச்சல். மழை நிறையப் பெறும் கிழக்கு டெக்சாஸில் சில ஏக்கரில் ஒரு பசுவை வைக்கலாம். மேற்கே போகப் போக ஒரு பசுவுக்கு நாற்பது ஏக்கரும், மேற்குக் கோடிக்குப் போனால் நூறு ஏக்கரும்கூடத் தேவைப்படும். பக்கத்து நிலத்துக்காரர் எத்தனை வைத்திருக்கிறார் என்பதைக் கேட்டறிந்து, அதற்கும் கொஞ்சம் குறைவாகவே தொடங்குவது நல்லது.

இனி இனம். மெக்சிகோ வளைகுடாக் கரையோரத்தின் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் உண்ணிக்கும் தாக்குப்பிடிக்கும் மாடு பிராமன். அதன் திமிலையும் அலைதாடியையும் தொங்கும் காதையும் பார்க்கும் தமிழருக்கு அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1854 முதல் 1926 வரை அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்த, முந்நூறுக்கும் குறைவான இந்திய மாடுகளிலிருந்து உருவாக்கப்பட்ட இனம் அது. கீர், குஜராத், கிருஷ்ணா பள்ளத்தாக்கு ஆகிய இனங்களோடு, அங்கே நெல்லூரின் பெயரால் நெலோர் என்று வழங்கும் ஓங்கோல் மாட்டின் இரத்தமும் அதில் உண்டு. ஆனால் தூய பிராமன் கிடேரி தாமதமாகவே பருவத்துக்கு வரும். திமிலும் நீள்காதும் துலக்கமாகத் தெரியும் கன்றுக்கு ஏலத்தில் விலையும் குறைவு, ஏனெனில் அதன் இறைச்சி அவ்வளவு மென்மையாக இராது என்று வாங்குபவர் கருதுகிறார். மறுபக்கம், கறுப்பு மாட்டினமான அங்கஸின் பெயரில் 1978-இல் தொடங்கிய முத்திரை இறைச்சித் திட்டம் கறுப்புத் தோலுக்குத் தனி விலையை உண்டாக்கிவிட்டது. கறுப்பு மாடோ கோடை வெயிலில் நிழலைத் தேடி நின்றுவிடும்.

இதற்கு அங்குள்ளவர்கள் கண்ட வழி கலப்பு. பிராமனையும், செம்மேனியும் வெள்ளை முகமும் கொண்ட ஹியர்ஃபோர்டையும் கலந்து பிறக்கும் கிடேரியின் உடம்பில் புலிக்கு இருப்பதுபோல் வரி ஓடும். அதைப் புலிவரி மாடு என்றே அழைக்கிறார்கள். அதன்மேல் அங்கஸ் காளையை விட்டால் பிறக்கும் கன்று பெரும்பாலும் கறுப்பாக இருக்கும், திமில் பெரிதாகத் தெரியாது, சந்தையில் விலையும் போகும். தாயோ வெயிலைத் தாங்கும். நெப்ராஸ்காவில் செய்த நீண்ட கலப்பின ஆய்வுகளில், கலப்பினத் தாயிடம் கலப்பினக் கன்று எடுக்கும்போது, காளையோடு விடப்பட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கிடைக்கும் கன்று எடை ஏறத்தாழ 23 விழுக்காடு கூடியது. அதில் பெரும்பங்கு தாய் கலப்பினமாக இருப்பதால் வருவது. வடக்கே மொன்டானா போன்ற குளிர் மாநிலத்தில் இந்த யோசனை பொருந்தாது. அங்கே பிராமன் இரத்தம் பனியில் வாடும், அங்கஸும் ஹியர்ஃபோர்டும் கலந்த கறுப்பு உடம்பு வெள்ளை முகப் பசுவே போதுமானது.

எந்த வயதில் வாங்குவது? கிடேரி வாங்கினால் நீண்டகாலம் இருக்கும் என்று தோன்றும். ஆனால் தலையீற்றில்தான் கன்று சிக்கிக்கொள்வது அதிகம். நள்ளிரவில் கன்றின் காலைப் பிடித்து இழுக்கத் தெரியாதவர் அதை வாங்கக் கூடாது. இரண்டோ மூன்றோ ஈன்ற, நாலிலிருந்து ஆறு வயதுக்குள் உள்ள சினைப்பசுவே தொடங்குபவருக்கு ஏற்றது. கையில் ஒரு கன்றும் வயிற்றில் ஒரு கன்றுமாக விற்பனைக்கு வரும் பசு கிடைத்தால் இன்னும் நல்லது. அது தாயாக நடந்துகொள்வதைக் கண்ணால் பார்த்துவிட முடிகிறதல்லவா!

வாங்கும் பசுவைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். நம்மூர்ச் சந்தையில் சுழி பார்ப்பது போல அங்கே யாரும் பார்ப்பதில்லை. பல்லை மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். கீழ்த்தாடையில் எட்டுப் பல்லும் சேர்ந்திருந்தால் நாலைந்து வயது ஆகிவிட்டது. பல் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் கரடான புல்லை அது கடித்துத் தின்னாது. அடுத்து மடி. மடி முழங்காலுக்குக் கீழே தொங்கி, காம்பு புட்டிபோல் பருத்திருந்தால், பிறந்த கன்று எழுந்து தாயின் தொடையை முட்டி முட்டித் தேடும். காம்பு அதன் வாய்க்குள் அடங்காது. மந்தையில் நூறு ஏக்கருக்கு அப்பால் ஈன்றிருக்கும் பசுவுக்கு, சீம்பால் கறந்து ஊட்ட யாரும் அங்கே நிற்கப் போவதில்லை. விடிவதற்குள் கன்று சோர்ந்து கிடக்கும். இந்தக் குறை ஒன்றுக்காகவே நல்ல பசுவையும் நான் தள்ளிவிடுவேன்.

பிறகு அதை நடக்கவிட்டுப் பாருங்கள். பின்னங்குளம்பு முன்னங்குளம்பு வைத்த தடத்திலேயே விழ வேண்டும். நகம் நீண்டு முன்னால் கத்தரிபோல் குறுக்கிட்டிருக்கக் கூடாது. கண்ணில் வெண்புள்ளி உண்டா என்பதையும், வெள்ளை முகமுள்ள ஹியர்ஃபோர்டாயின் இமையோரத்தில் சிறு முளை உண்டா என்பதையும் கவனியுங்கள். வெயிலில் அவற்றுக்குக் கண்புற்று வரும். உடல்தேற்றத்தை அங்கே 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கையால் அழுத்தினால் தட்டுப்படும் பசு 5. ஈனும்போது அந்த அளவு இருந்தால் மறுபடியும் சினை பிடிக்கும். ஆளைக் கண்டதும் வேலியில் மோதும் மாட்டை, என்ன விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம். சினையை உறுதிசெய்யக் கால்நடை மருத்துவரை வைத்துக் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது.

காளையைப் பற்றி மூன்று செய்திகள் போதும். முதிர்ந்த காளை ஒன்று சுமார் 25 பசுக்களைப் பார்க்கும், ஓராண்டுக் காளை 15 வரை. இரண்டாவது, விதைப்பைச் சுற்றளவையும் விந்தையும் மருத்துவர் சோதித்த காளையையே வாங்க வேண்டும். 15 மாதத்துக்குள் உள்ளதற்கு அந்தச் சுற்றளவு 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. மூன்றாவது, டிரைக்கோமோனியாசிஸ் என்ற நோய் காளையிடம் எந்த அடையாளமும் காட்டாது. ஆனால் அந்தக் காளையோடு சேர்ந்த பசுக்கள் சினை கலைந்து கலைந்து பருவத்துக்கு வரும். டெக்சாஸில் பொலிகாளை கைமாறும்போது, இனச்சேர்க்கை செய்யாதது என்ற சான்றோ நோயில்லை என்ற சோதனைச் சான்றோ தேவை. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கிருந்து வாங்குவது என்பதும் முக்கியம். வாரச் சந்தையில் வரும் தனிப் பசு, யாரோ ஒருவர் கழித்துவிட்டது. எதற்காகக் கழித்தார் என்று ஏலக்காரர் சொல்ல மாட்டார். பண்ணையை விட்டு விலகும் முதியவரிடம் மந்தையாக வாங்குவதே பாதுகாப்பு. அவர் நிலமும் உங்கள் நிலம்போலவே இருக்க வேண்டும். குளிர்ப் பகுதியில் வளர்ந்த பசுவைக் கரையோரத்துக்குக் கொண்டுவந்தால், உண்ணியால் பரவும் அனாப்ளாஸ்மா நோய் வளர்ந்த மாட்டையே திடீரென்று கொன்றுவிடும்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2024 ஜனவரியில் அமெரிக்க மாடுகளின் எண்ணிக்கை 8 கோடியே 72 லட்சம். 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததில்லை. மாடு குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் எல்லோரும் கிடேரியை நிறுத்திவைப்பர், சில ஆண்டுகளில் கன்று பெருகி விலை இறங்கும். உச்ச விலையில் கடன் வாங்கி மந்தையை நிரப்பியவர், கடன் தீருமுன் அந்த இறக்கத்தைச் சந்திப்பார். நிலம் முப்பது பசுவைத் தாங்குமானால் பதினைந்தில் தொடங்கி, மீதிப் புல்லை அறுத்து உலர்புல்லாகச் சேமிக்கலாம்.

மாடுகள் வந்திறங்கும் நாளில் அவற்றை நேரே பெரிய மேய்ச்சலில் விடாதீர்கள். புது இடத்தின் வேலியும் தண்ணீர்த் தொட்டியும் தெரியாத மந்தை, வந்த வழியைத் தேடி வேலியை முட்டும். உறுதியான சிறு அடைப்பில் நல்ல உலர்புல்லும் தண்ணீரும் வைத்து, பழைய மாடுகள் ஏற்கெனவே இருந்தால் அவற்றோடு மூக்கு உரசாதபடி முப்பது நாள் தனியே நிறுத்துங்கள். வாளியில் கொஞ்சம் தீவனத்தைப் போட்டுக் குலுக்கியபடி தினமும் ஒரே நேரத்தில் போய் நில்லுங்கள். அந்த ஒலிக்கு அவை தாமே வரப் பழகிய பிறகு கதவைத் திறந்துவிடலாம்.