ஊசி படுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பச்சை குத்திக்கொள்ளப் போகிறவர்கள் மெஷினைப் பற்றிக் கேட்பார்கள், மையைப் பற்றிக் கேட்பார்கள். படம் தோலுக்கு எப்படி இறங்குகிறது என்று மட்டும் கேட்பதில்லை. பாதிக் கோணல் அங்கேதான்.

வீட்டில் தானே ஸ்டென்சில், அதாவது தோலில் ஒட்டிப் படத்தை இறக்கும் தாள், எடுத்துப் பார்க்கிறவர்கள் பில் புத்தகத்துக் கார்பன் தாளை எடுத்துவிடுகிறார்கள். அது தோலில் சரியாகப் பிடிக்காது. இதற்கென்று இருப்பது ஊதாச் சாயம் பூசிய ஹெக்டோகிராஃப் தாள். ஒருகாலத்தில் அலுவலகங்களில் நகலெடுக்கப் பயன்பட்ட சரக்கு. மெஷினின் கதையும் அதேதான்: எடிசன் 1876-இல் காப்புரிமை பெற்ற மின்பேனா, நகலெடுப்பதற்காகத் தாளில் பொடி ஓட்டைகள் போடும் கருவி. அந்த யோசனையைத்தான் நியூயார்க்கின் சாமுவேல் ஓரெய்லி பச்சை குத்தும் மெஷினாக மாற்றி 1891-இல் காப்புரிமை வாங்கினார். பச்சை குத்துவதையே அவர்தான் தொடங்கினார் என்பது அபத்தம். நம் ஊர்க் குறத்தியர் ஊசியையும் விளக்குக் கரியையும் வைத்தே குத்தியிருக்கிறார்கள்.

அடுத்தது எழுத்து. ஹெக்டோகிராஃப் தாளின் சாயப் பக்கம் மேலே இருக்க வேண்டும். அதன்மேல் வரைதாளை வைத்து வரைந்தால் சாயம் வரைதாளின் முதுகில் ஏறும். தோலில் ஒட்டும்போது எழுத்து நேராக விழும். கார்பன் பழக்கத்தில் கவிழ்த்துப் போட்டால், 'அம்மா'வைக் கண்ணாடியில் பார்த்துத்தான் படிக்கணும்.

கையை மடக்கியோ முறுக்கியோ வைத்து ஒட்டினால், கையைத் தொங்கவிடும்போது கோடு வளையும். இயல்பாக நின்றுதான் ஒட்ட வேண்டும். அப்புறம், காயவிட வேண்டும். மலைப் பனியிலும் மழை ஈரத்திலும் சமவெளியைவிடக் கூடுதலாகவே பொறுக்கணும். அவசரப்பட்டுக் குத்தினால் முதல் துடைப்பிலேயே ஊதாக் கோடு கலைந்துவிடும், மிச்சம் குத்துபவரின் ஊகம்.

நீலகிரிக்கென்றே ஒரு தவறு உண்டு. தோடர் சால்வையின் சிவப்பு, கறுப்புப் பூவேலையைக் கொடுத்து 'தோடர் பச்சை' குத்தச் சொல்வது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாடு துணிக்கானது. தோடப் பெண்கள் உடம்பில் குத்திக்கொண்டவை புள்ளிகளும் வட்டங்களும்.

ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லும் விவரமானவர்கள்கூட ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள். ஸ்டென்சில் ஒட்டுவதற்காகச் சிலர் டியோடரண்ட் குச்சியை நேராகத் தோலில் தேய்ப்பார்கள். அதே குச்சி அடுத்தவருக்கும் போகும். சவரம் செய்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும். டிஷ்யூவில் எடுத்துப் பூசச் சொல்லுங்கள்.