தொலைநோக்கியில் ரெட் டொட் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாசி மாதத்தில் மூன்று கிழமைக்குள் மூன்று பேர் தங்கள் தொலைநோக்கிகளை யாழ்ப்பாணத்திலுள்ள என் வீட்டு முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றும் கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர்கள் பொதியில் போட்டு அனுப்பியவை. மூவரின் முறைப்பாடும் ஒன்றுதான். "அண்ணை, ரெட் டொட்டில வியாழன் நிக்குது, உள்ளுக்க பாத்தா ஒண்டும் இல்லை" என்று ஒருவர் சொன்னதையே மற்ற இருவரும் வேறு சொற்களில் சொன்னார்கள். அவர்களில் உயர்தரம் படிக்கும் தம்பி ஒருவர், துளையிடுவதற்காகப் பேனையால் இரண்டு புள்ளிகளைக் குழாயின் மேல் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தார். அந்தப் புள்ளிகளைக் கண்டபோது எனக்கு வந்த கோபம் அவர்மேல் வந்ததல்ல. அதே இடத்தில் அதே இரண்டு புள்ளிகளை நானும் ஒருகாலத்தில் குறித்திருக்கிறேன்.

ரெட் டொட் என்பது வானத்தில் குழாய் எங்கே பார்க்கிறது என்பதைக் காட்டும் சிறு சன்னல். உள்ளே இருக்கும் சிவப்பு எல்.ஈ.டி.யின் ஒளி, பூச்சிட்ட வளைந்த கண்ணாடி ஒன்றில் தெறித்து இணைகதிர்களாகக் கண்ணுக்கு வருவதால், அந்தப் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தெரியாமல், விண்மீனோடு சேர்ந்து எல்லையற்ற தூரத்தில் தொங்குவதாகத் தெரிகிறது. இந்தத் தத்துவத்துக்கு 1900ஆம் ஆண்டில் காப்புரிமம் பெற்ற ஹவார்ட் கிரப், டப்ளினில் பெரிய தொலைநோக்கிகளைச் செய்தவர். அவர் அதைத் துப்பாக்கிகளுக்கென்றே எண்ணினார். 1975இல் சுவீடனின் எய்ம்பொயின்ற் நிறுவனம் மின்னில் இயங்கும் ரெட் டொட்டை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் துப்பாக்கிகளுக்காகத்தான். தொலைநோக்கிக்காரர் ஒருவரின் மூளையில் உதித்த பொருள் துப்பாக்கி வழியாகச் சுற்றிக்கொண்டு மீண்டும் தொலைநோக்கிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாடுகளில் இடுப்பில் செருகும் சிறிய கைத்துப்பாக்கிகளில் இதைப் பூட்டுபவர்களும், பொருந்தாத அடித்தகட்டாலும் தளரும் திருகுகளாலும்தான் அல்லற்படுகிறார்கள். சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் இருட்டு முற்றத்தில் ஒரு குழாயையும் ஒரு சிவப்பு ஒளியையும் வைத்துக்கொண்டு நிற்க இங்கே எவரும் துணிந்திருக்க மாட்டார்கள் என்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

மூடியைக் கழற்ற மறப்பது, புதிய பற்றரிக்கு மேலுள்ள பிளாஸ்ரிக் தாளை இழுக்காமல் "வேலை செய்யவில்லை" என்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை அனைவரும் ஒருமுறை செய்து, ஒருமுறை வெட்கப்பட்டு விட்டுவிடுவார்கள்.

பெரிதாக்கும் என்று எதிர்பார்த்தல்

பெரிதாக்காது.

கண்ணாடியைக் கழற்றாமல் குழாயில் துளையிடுதல்

என் மைத்துனர் அனுப்பிய தொலைநோக்கி 130 மில்லிமீற்றர் கண்ணாடியும் 650 மில்லிமீற்றர் குவியத்தூரமும் கொண்ட தெறிப்பு வகை, அதாவது குழாயின் அடியிலுள்ள குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிப்பது. அதோடு வந்த சிறிய தேடுகருவி வழியிலேயே உடைந்துவிட்டதால் தனியாக ஒரு ரெட் டொட் வாங்கினேன். அதன் அடித்தளத்திலிருந்த இரண்டு துவாரங்களுக்கும், குழாயில் ஏற்கெனவே இருந்த இரண்டு துவாரங்களுக்கும் இடையில் ஏறக்குறைய அரை அங்குல வித்தியாசம் இருந்தது. அந்த அரை அங்குலத்துக்காக நான் குழாயை அப்படியே தூக்கிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறையில் இருந்தவர் கெட்டிக்காரர்; உழவு இயந்திரப் பாகங்களைக் கண்ணால் அளந்தே சரிசெய்பவர். ஆனால் அவருக்கு அது ஒரு தகரக் குழாய். உள்ளே அடியில் கண்ணாடி இருக்கிறது என்பதை அறிந்திருந்தவன் நான், நானோ வாய் திறக்கவில்லை. பிடிப்பதற்கு வசதியாகக் குழாயை நிமிர்த்தி வைத்து அவர் துளையிட்டார். சுருள் சுருளாக வெட்டுண்ட உலோகத்தூள் அவ்வளவும் நேரே கண்ணாடியின் முகத்தில் போய் விழுந்தது.

அதோடு நின்றிருந்தாலும் தப்பியிருக்கலாம். வீட்டுக்கு வந்து குழாயைக் கவிழ்த்துத் தட்டியபோது பெருந்தூள் கொட்டுண்டு போனது. பொடித்தூள் ஒட்டிக்கொண்டு நின்றது. நன்றாகத் தோய்த்துக் காயவைத்த பழைய பருத்திச் சாரத்துண்டு ஒன்றை எடுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைத் துடைப்பது போல வட்டம் வட்டமாகத் துடைத்தேன். முகம் பார்க்கும் கண்ணாடியில் வெள்ளிப்பூச்சு பின்புறத்தில் இருப்பதால் நாம் துடைப்பது வெறும் கண்ணாடியை. தொலைநோக்கிக் கண்ணாடியில் அலுமினியப் பூச்சு முன்முகத்தில் இருக்கிறது. அதன் தடிப்பு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். துணிக்குள் அகப்பட்ட ஒவ்வொரு தூளும் அதன்மேல் ஒரு வில் கீறியது. அன்றிரவு சந்திரனைப் பார்த்தபோது முன்பு கரிய வானமாக இருந்த இடத்தில் பால் கலந்தது போன்ற ஒரு மங்கல் பரவியிருந்தது. பூச்சை மீண்டும் இடுவதற்கு வெற்றிடக் கலம் வேண்டும். நான் விசாரித்த இடங்களில் எவரும் அதைச் செய்வதில்லை. புதிய கண்ணாடியை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்த செலவில் அந்த ரெட் டொட்டைப் போலப் பலவற்றை வாங்கியிருக்கலாம். இன்றைக்கும் எவராவது குழாயில் பேனைப் புள்ளி வைத்தால் அந்தச் சாரத்துண்டுதான் என் கண்ணுக்குள் வருகிறது.

துளையிடுவதே பெரும்பாலும் தேவையற்ற வேலை. குழாயில் உள்ள பழைய துவாரங்களுக்கு ஏற்ற அடித்தளத்தைத் தேடி வாங்கலாம். அது கிடைக்காவிட்டால், தச்சரிடம் கொடுத்து, அடிப்பக்கம் குழாயின் வளைவுக்கேற்பக் குடையப்பட்ட ஒரு மரத்துண்டைச் செய்வித்து, அதைப் பழைய துவாரங்களில் பூட்டி, அதன்மேல் ரெட் டொட்டைப் பூட்டலாம். என்னுடையது இப்போது அப்படி ஒரு வேப்பமரத் துண்டின் மேல்தான் இருக்கிறது, அழகில்லை, அசைவதுமில்லை. இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டியவர்களையும் கண்டிருக்கிறேன். பங்குனி வெயிலில் கூரைக்குக் கீழே வைத்த குழாயில் அந்தப் பசை இளகி, ரெட் டொட் ஒரு பக்கமாக ஊர்ந்து போய்விடும். சுப்பர் குளூவின் ஆவி அருகிலுள்ள கண்ணாடிகளில் வெள்ளைப் படலமாகப் படியும் என்பதால் அதை வில்லைகளுக்குக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது.

துளையிட்டே ஆகவேண்டும் என்றால், குழாயின் அடியிலுள்ள திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை அதன் இருக்கையோடு வெளியே எடுத்து, பெட்டியில் மூடி, வேறு அறையில் வையுங்கள். துளை விழும் இடம் குழாயின் வாய்ப்பக்கத்திலுள்ள சிறிய இரண்டாம் கண்ணாடிக்கு அருகில் என்றால் அதையும் எடுங்கள். குழாயைக் கிடத்தி, உட்புறத்தில் ஈரத்துணி விரித்து, குறித்த இடத்தின் மேல் நாடா ஒட்டி, சிறிய அலகால் தொடங்கிப் பெரிய அலகால் முடியுங்கள். ஓரப் பிசிரை அராவி, குழாயை முழுவதும் துடைத்த பிறகுதான் கண்ணாடி திரும்பிப் போகவேண்டும். திருகு நீளமாக இருந்தால் அதன் முனை ஒளி வரும் வழிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நான் பூட்டியது ஓர் அங்குலத் திருகு, பிரகாசமான ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு கொம்பு முளைத்தது. நட்டுக்குக் கீழே சுருள் வாசர் போடுங்கள். இவ்வளவுக்கும் பிறகு இரண்டு கண்ணாடிகளையும் நேர்ப்படுத்தும் வேலை, கொலிமேஷன் என்பது, புதிதாகச் செய்யப்பட வேண்டும்.

இனி, தூள் விழுந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். தொடாதீர்கள். இரப்பர்க் குமிழால் காற்றடியுங்கள்; போகாததை ஓடும் நீரில் கழுவுங்கள். இங்கே நமக்கு இன்னொரு இடர் உண்டு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து வருவது. கேத்தலின் அடியில் கல்லாகப் படிவது எதுவோ அதுவே கண்ணாடியிலும் வெள்ளைப் புள்ளிகளாகக் காயும். ஆகவே கடைசியாக ஊற்றுவது காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். பிறகு கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தானாகக் காயவிடுங்கள்.

முற்றத்துப் பனையில் சரிபார்த்தல்

அந்த மூவரின் முறைப்பாட்டுக்குக் காரணம் இதுதான். மூவரும் பகலில் தங்கள் வளவுக்குள் நின்ற ஒரு பனையின் உச்சி வட்டை, கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லையின் நடுவில் வைத்து, ரெட் டொட்டையும் அதே வட்டுக்குக் கொண்டுவந்து, வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தார்கள்.

ரெட் டொட் குழாயின் மேல் இருக்கிறது. குழாயின் நடு அச்சுக்கும் அதற்கும் இடையே ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. 15 மீற்றர் தூரத்திலுள்ள பனையில் இரண்டையும் சந்திக்க வைத்தால், அவை அந்தப் பனையில் சந்தித்து, அதற்கப்பால் பிரிந்து போகின்றன. அந்தக் கோணம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது சந்திரனின் அகலம். 10 மில்லிமீற்றர் கண்வில்லையை மேற்சொன்ன குழாயில் போட்டால், 650ஐப் 10ஆல் வகுக்க வரும் உருப்பெருக்கம் 65 மடங்கு. தெரியும் வானத்தின் அகலம் முக்கால் பாகை. நடுவிலிருந்து விளிம்புக்கு அரைப் பாகைகூட இல்லாத அந்த வட்டத்துக்கு வெளியே வியாழன் நிற்கிறது. ரெட் டொட்டோ வியாழனின் மேலேயே நிற்கிறது. இரண்டும் உண்மை.

ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பொருளை எடுத்தால் இந்தப் பிழை இல்லையென்றே சொல்லலாம். தொலைத்தொடர்புக் கோபுர உச்சியின் சிவப்பு விளக்கு மிக வசதியானது. பண்ணைப் பாலத்தில் நின்றால் களப்புக்கு அப்பால் தீவுப்பக்க விளக்குகள் தெரியும். முதலில் 25 மில்லிமீற்றர் கண்வில்லை, அதில் நடுவுக்கு வந்த பின் 10 மில்லிமீற்றர், கடைசியாக இரவில் ஒரு பிரகாசமான விண்மீன் என்று மூன்று படியாகச் செய்யுங்கள். விண்மீன் நான்கு நிமிடத்துக்கு ஒரு பாகை நகர்வதால், திருகோடு நீண்ட நேரம் மல்லுக்கட்டினால் அது வட்டத்தை விட்டுப் போய்விடும். இந்த ஒரு வேலைக்கு நமது வட விண்மீன் நல்லது. அது அசைவதாகவே தெரியாது. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து அது அடிவானத்துக்கு மேல் பத்துப் பாகைக்கும் சற்றுக் குறைவான உயரத்தில்தான் நிற்கிறது என்பதால், வடக்கே மரமில்லாத வெளி வேண்டும்.

கோணலான அடித்தளத்தைத் திருகால் நிமிர்த்தப் பார்த்தல்

சரிசெய்யும் திருகு முழுவதும் போய் முட்டிய பிறகும் புள்ளி வரவில்லை என்றால், பிழை அடித்தளத்தில். இன்னும் முறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும். அடித்தளத்தின் ஒரு பக்கத்துக்குக் கீழே மெல்லிய தகரத்துண்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள்.

புள்ளியை எரியவிட்டுத் தேடுதல்

கடையில் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்குவதால் எல்லோரும் ஒளியைக் கூட்டியே வைத்துப் பழகிவிடுகிறார்கள். மணற்காட்டுக் கிராமத்தின் இருட்டில் அந்த அளவு ஒளி, பக்கத்திலுள்ள மங்கலான விண்மீன்களை எல்லாம் விழுங்கிவிடும். முதலில் முற்றாகக் குறைத்து, புள்ளி தெரிகிறதா இல்லையா என்று ஐயப்படும் இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு கண்களையும் திறந்து வைத்தே பாருங்கள். ஒரு கண் வானத்தையும் மறு கண் புள்ளியையும் பார்க்க, மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும்.

பற்றரி

பார்த்து முடிந்ததும் புள்ளியை நிறுத்துங்கள், பெட்டிக்குள் இன்னொரு சி.ஆர். 2032 பற்றரி இருக்கட்டும்.

கழுத்தை மறந்து இடத்தைத் தெரிவுசெய்தல்

நம் ஊரில் திருவாதிரையும் அதன் சுற்றத்து விண்மீன்களும் ஏறத்தாழ உச்சிக்கே வருகின்றன. கார்த்திகைக் கூட்டமும் அப்படித்தான். குழாய் நேரே மேலே பார்க்கும்போது ரெட் டொட்டுக்குப் பின்னால் தலையை வைப்பதற்குக் குழாயின் பக்கத்தில் இடம் வேண்டும்; நான் முதலில் பூட்டிய இடத்தில் பார்ப்பதற்கு மண்ணில் முழங்காலிட்டுக் கன்னத்தைக் குழாயில் அழுத்த வேண்டியிருந்தது. பூட்டுமுன் குழாயை உச்சிக்குத் திருப்பி, அடித்தளத்தைக் கையால் பிடித்து, உங்கள் தலை அங்கே போகிறதா என்று பாருங்கள். குழாயைத் தாங்கும் வளையங்களில் அடித்தளம் முட்டாமலும் இருக்கவேண்டும். முட்டினால் சமநிலைக்காகக் குழாயை முன்பின் நகர்த்த முடியாது.

சூரியனைப் பார்க்கும் நாளில் கழற்றாமல் விடுதல்

2019 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் யாழ்ப்பாணத்தில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தது. நான் குழாயின் வாய்க்கு முன்னால் சூரிய வடிகட்டியை நன்றாக இறுக்கிப் பூட்டி, மூன்று முறை சரிபார்த்து, அயலவர்களை வரிசையில் நிற்கவைத்திருந்தேன். வரிசையில் நின்ற ஒரு சிறுவன், தன் முறை வரும்வரை பொறுக்காமல், எட்டி ரெட் டொட்டின் சன்னலுக்குப் பின்னால் கண்ணை வைத்தான். வடிகட்டி குழாய்க்கு இருந்தது. அந்தச் சன்னலுக்கு இருக்கவில்லை. அது ஒளியைக் குவிக்காது என்றாலும், நேரே சூரியனைப் பார்க்கக் கண்ணை அழைக்கிறது. அவனுடைய அம்மம்மா தோளில் பிடித்து இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. சூரியனை நோக்கிக் குழாயைத் திருப்புவதற்கு ரெட் டொட் தேவையே இல்லை. நிலத்தில் விழும் குழாயின் நிழல் ஆகச் சிறியதாகி வட்டமாகும் வரை திருப்பினால் சூரியன் உள்ளே வந்துவிடும். இப்போது அப்படியான நாட்களில் குழாயை வெளியே எடுக்குமுன்பே ரெட் டொட்டைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிடுகிறேன்.