திராட்டில் பொசிஷன் சென்சார்: மாற்றுவதற்கு முன் மல்டிமீட்டரால் சோதியுங்கள்

ஒரே வேகத்தில் போகும்போது வண்டி ஜெர்க் அடிக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறிவிட்டுப் பாய்கிறது என்றால் சந்தேகம் திராட்டில் பொசிஷன் சென்சார் மேல், அதாவது இன்ஜினுக்குக் காற்று விடும் திராட்டில் மூடி எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சார் மேல், போவது சரிதான். ஆனால் ஸ்கேனரில் பி0122, பி0123 என்ற பிழைக் குறியீடு வந்த உடனே புது சென்சார் வாங்கிவிடாதீர்கள். சிக்னல் வோல்டேஜ் குறைவு அல்லது அதிகம் என்பதைத்தான் அந்தக் குறியீடுகள் சொல்கின்றன. வயர் அறுந்திருந்தாலும் அதேதான் வரும்.

கேபிளால் இயங்கும் திராட்டில் பாடியில் (திராட்டில் மூடி இருக்கும் பாகம்) பெரும்பாலும் மூன்று வயர் சென்சார் இருக்கும். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் செருகி அளக்க வேண்டும். வயரின் தோலைக் குத்தாதீர்கள். அந்தத் துளை வழியே ஈரம் இறங்கிச் செம்பு அரித்துவிடும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும்.

ஒரு வயரில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால், அதே 5 வோல்ட்டைப் பகிரும் மற்ற சென்சார்களை (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் போன்றவை) ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது வோல்டேஜ் திரும்புகிறதோ அதில்தான் ஷார்ட். எர்த் வயரில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எர்த் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை ஒட்டி ஏறி நிற்கும்.

மூன்றாவது சிக்னல் வயர். திராட்டில் மூடியிருக்கும்போது ஏறக்குறைய 0.5, முழுதாகத் திறந்தால் 4.5 வோல்ட் அளவில் இருக்கும். துல்லியமான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். உண்மையான சோதனை இவ்விரண்டுக்கும் நடுவில்தான். ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக மிதிக்க, வோல்டேஜ் எங்கும் விழாமல் ஏற வேண்டும். கால் அதிக நேரம் நிற்கும் இடத்தில், அதாவது கால்வாசித் திறப்புக்குள், உள்ளே இருக்கும் கார்பன் பட்டை முதலில் தேயும். அங்கே நிதானமாகப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் நொடிப்பொழுது வீழ்ச்சியைத் தவறவிடும், முள் மீட்டர் காட்டிக்கொடுக்கும். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டும்போது எண் குதித்தாலும் சென்சார் போய்விட்டது.

வோல்டேஜ் எல்லாம் சரி, ஐடிலிங் மட்டும் ஏறி இறங்குகிறதா? திராட்டில் பாடியின் கார்பனைச் சுத்தம் செய்து, வேக்கம் ஹோஸ் (வெற்றிடக் குழாய்) வெடிப்புகளைத் தேடுங்கள்.

கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் திராட்டிலில் இரண்டு சென்சார்கள்; இரண்டும் ஒத்துப்போகாதபோது பி2135 குறியீடு வரும். சாவி ஆனில் இருக்கையில் திராட்டிலுக்குள் விரலை விடவே கூடாது, அதை இயக்கும் மோட்டார் நசுக்கிவிடும். பெரும்பாலும் திராட்டில் பாடியையே மாற்ற நேரும்.

புது சென்சாரின் திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருந்தால், திராட்டிலை மூடிவைத்து, மேனுவல் சொல்லும் வோல்டேஜ் வரும்வரை சென்சாரைத் திருப்பி, பிறகு திருகுகளை இறுக்குங்கள். இறுக்கிய பின் மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள், இறுக்கும்போதே நகர்ந்துவிடும்.